பொட்டு வைத்த டிக்கெட் மிஷின்

இன்று காலையில் ஒரு டம்ளர் வெந்நீருக்காக அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். இப்போது இலுப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். கேஸ் தீர்ந்துவிட்டது. மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தது கரண்ட் அடுப்பு ஒன்றுதான். அடுப்பு என்று பேர், பார்த்தால் கறுப்புக் கண்ணாடிப் பலகை. திருகுவதற்கு ஒரு குமிழ் கிடையாது, அமுக்குவதற்கு ஒரு பட்டன் கிடையாது. கண்ணாடிக்கு அடியில் என்னென்னவோ குறிகள் மினுக்கிக்கொண்டு கிடந்தன. மகளுக்குப் போன் போட்டேன்.

“அப்பா, மொதல்ல ஆன் பண்ணுங்க. அப்பறம் மெனுவத் தொடுங்க. வாட்டர்னு வர்ற வரைக்கும் தொட்டுக்கிட்டே இருங்க.”

“மெனு எங்கிட்டும்மா இருக்கு?”

“வலது பக்கம் ஓரமா இருக்கும்பா.”

“வலது பக்கம் பூராத்தையும் தொட்டாச்சு. கீக்கு கீக்குன்னு கத்துது. இப்ப ‘எல்’லுன்னு ஒரு எழுத்து வந்து நிக்குது.”

“லாக் ஆயிருச்சுப்பா. பூட்டுப் படம் ஒண்ணு இருக்கும் பாருங்க, அத மூணு செகண்டு அமுக்கிப் புடிங்க.”

பிடித்தேன். மூன்று செகண்டு இல்லை, முப்பது செகண்டு பிடித்தேன். கடைசியில் பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் ‘கீக்’ மட்டும் காதை விட்டுப் போகவில்லை. நம் வண்டியில் நீ வைத்திருந்த டிக்கெட் மிஷினுக்கும் இதே சத்தம்தான். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். படிக்க நீ இல்லை. இருந்திருந்தாலும் உன்னால் படித்திருக்க முடியாது, யாராவது வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். அந்த விஷயத்தைத்தான் நீ என்னிடம் ஒரு வருஷம் மறைத்தாய்.

அறந்தாங்கிக்கும் கட்டுமாவடிக்கும் இடையில் ஒரே வண்டியில் பதினோரு வருஷம் ஓடினோம். நான் டிரைவர், நீ கண்டக்டர். அதே முதலாளி, அதே வண்டி, அதே டைமிங். முதலில் டிக்கெட் புத்தகம் வைத்துக் கிழித்துக் கொடுத்தாய். பிறகு ஆபீஸில் கூப்பிட்டு மிஷின் கொடுத்தார்கள். ரப்பர் பட்டன் வைத்தது. மேலே அம்பு, கீழே அம்பு, ஓரத்தில் மெனு, நடுவில் பெரிதாக ஒரு என்டர். மற்ற வண்டிக் கண்டக்டர்கள் எல்லாம் ஒரு மாசம் தடுமாறினார்கள். நீ இரண்டாவது நாளே அதைப் பார்க்காமல் அடிக்க ஆரம்பித்துவிட்டாய். ஒரு கை மேல்கம்பியில் இருக்கும், வாய் மீன்காரம்மா ஒருத்தியிடம் கூடையை உள்ளே தள்ளச் சொல்லிக்கொண்டிருக்கும், இன்னொரு கைக் கட்டைவிரல் அம்பை இரண்டு தடவை தட்டி, என்டரைத் தட்டி, டிக்கெட்டைக் கிழித்திருக்கும்.

“எப்புடிய்யா பாக்காமயே அடிக்கிற?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“நீ கியரப் பாத்துக்கிட்டாய்யா போடுற?” என்றாய்.

அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். நீ பார்க்காமல் அடிப்பது கெட்டிக்காரத்தனத்தால் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தொடக்கத்தில் அது உண்மையாகவும் இருந்திருக்கும். எந்த மாசத்தில், எந்த டிரிப்பில் அது வேறு மாதிரி ஆனது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது யோசித்தால் எல்லாம் கண்ணுக்கு முன்னால்தான் நடந்திருக்கிறது. பைக்கில் வந்துகொண்டிருந்தவன் திடீரென்று உன் ஊர் ஆவுடையார்கோவிலிலிருந்து முதல் பஸ் பிடித்து வர ஆரம்பித்தாய். கேட்டதற்கு, “வண்டி ரிப்பேரு” என்றாய். எட்டு மாசமாகவா ஒரு பைக் ரிப்பேரில் இருக்கும்? எனக்கு ஏன் அது உறைக்கவில்லை? ஓடுகிற வண்டியில் பின்னாலிருந்து, “நாகுடி தாண்டியாச்சாய்யா?” என்று கத்துவாய். “கண்ண எங்கிட்டுய்யா வச்சிருக்க?” என்று நானும் கத்துவேன். பஸ்ஸே சிரிக்கும். நீயும் சிரிப்பாய்.

அப்புறம்தான் அந்தப் புது மிஷின் வந்து தொலைந்தது. பழசைப் பிடுங்கிக்கொண்டு, பெரிய செல்போன் மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள். முகம் பூராவும் கண்ணாடி. ஒரு பட்டன்கூட இல்லை. மெனு எங்கே என்றால் மூலையில் மூன்று கோடு போட்டிருக்கிறது, அதுதான் மெனுவாம். மூன்று கோட்டைப் பார்த்தால் எவனுக்காவது மெனு என்று தோன்றுமா? அதைத் தொட்டால் ஒரு பட்டியல் வரும். பட்டியலில் ஒன்றைத் தொட்டால் இன்னொரு பட்டியல் வரும். ஊருக்கு ஊர் ஸ்டேஜ் மாற்ற வேண்டுமென்றால் விரலால் தள்ள வேண்டும். கொஞ்சம் கூடத் தள்ளினால் இரண்டு ஸ்டேஜ் ஓடிவிடும். பின்னால் வருவதற்கு ஒரு அம்பு, அதுவும் சில நேரம் இருக்கும், சில நேரம் இருக்காது. ஆபீஸில் கால் மணி நேரம் சொல்லிக்கொடுத்து, “ரொம்ப ஈஸி” என்று அனுப்பிவிட்டார்கள். எதையாவது தலையில் கட்டுகிறவர்கள் எல்லாருக்கும் அந்த ஒரு வார்த்தை எப்படித்தான் கிடைக்கிறதோ.

நீ ஆபீஸுக்குப் போய், “எனக்குப் பழைய மிஷினே போதும் சார்” என்று கேட்டாய். பழசெல்லாம் மூட்டை கட்டித் திருப்பி அனுப்பியாச்சு என்றார்கள்.

அதற்குப் பிறகு நம் வண்டி டைமிங்கே கெட்டது. ஸ்டேஜ் வரும், நீ டிக்கெட் முடித்திருக்க மாட்டாய். ஓரமாக நிறுத்துவேன். பின்னால் அடுத்த வண்டிக்காரன் ஹாரன் அடித்துக் கொல்லுவான். அவன் ஆள்களை நாம் ஏற்றிவிடுகிறோம் என்று பஸ் ஸ்டாண்டில் தினம் சண்டை. கண்ணாடியில் பார்த்தால், நீ மிஷினை மூக்குக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு விரலால் தடவிக்கொண்டே நிற்பாய்.

“என்னய்யா பண்ற அங்கிட்டு?”

“கை வழுக்குதுய்யா. கண்ணாடில்ல?”

“ஊரு ஒலகத்துல எல்லாப் பயலும் செல்போன் நோண்டுறான். ஒனக்கு மட்டும் வழுக்குதோ?”

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் வண்டி நிறைய ஆள் இருக்கும்போதே கேட்டேன். “அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுத்தானய்யா அமுக்கணும்? படிக்கத் தெரியாதா ஒனக்கு?” காலேஜ் பிள்ளைகள் நாலைந்து பேர் சிரித்தார்கள். வழக்கமாகக் கூடவே சிரிக்கிற நீ அன்றைக்குச் சிரிக்கவில்லை. விசிலை மட்டும் ஊதினாய்.

அதற்கு மறுவாரம்தான் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாய். பெண்கள் நெற்றியில் ஒட்டுகிற ஸ்டிக்கர் பொட்டு. மிஷின் கண்ணாடியில் மூன்று மூலையில் ஒவ்வொன்று, நடுவில் இரண்டு, அடியில் ஒன்று. சிவப்பும் கறுப்புமாக ஆறு பொட்டு. மூன்று கோட்டு மெனுவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் பெரிய பொட்டு. வெல்வெட் மாதிரி சொரசொரப்பாக இருந்தது. “என்னண்ணே, மிஷினுக்குச் சடங்கு வச்சிருக்கீங்களா?” என்று ஒரு மீன்காரம்மா கேட்டாள். அப்புறம் அறந்தாங்கி ஸ்டாண்டு முழுக்க அதுதான் பேச்சு. பொட்டு வச்ச கண்டக்டர் என்று பேரே வைத்துவிட்டார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த வாரம் நம் வண்டி கொஞ்சம் நேரத்துக்குப் போனது. அதை நான் கவனித்தேன். கவனித்தும் மண்டையில் ஏறவில்லை. எனக்குக் கேலிதான் காதில் விழுந்தது.

அந்த வாரக் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் நீ கை கழுவப் போனாய். மிஷினை எஞ்சின் பானட் மேல் வைத்துவிட்டுப் போனாய். பின்னால் ஹாரன் அடிக்கிற அந்த அடுத்த வண்டிக்காரன் அப்போதுதான், “ஒங்க கண்டக்டரு ரோட்டப் பாப்பாரா, பொட்டப் பாப்பாரா?” என்று கேட்டுவிட்டுப் போயிருந்தான். எனக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது. மிஷினை எடுத்தேன். கட்டைவிரல் நகத்தால் ஆறு பொட்டையும் சுரண்டினேன். பசை ஒட்டியிருந்ததை வண்டி துடைக்கிற துணியால் அழுத்தித் துடைத்தேன். பளிச்சென்று ஆனது. உனக்கு உதவி செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன். குப்பையெல்லாம் ஒட்டி வைத்தால் டச் எப்படி வேலை செய்யும் என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன்.

நீ வந்தாய். மிஷினைக் கையில் எடுத்தாய். கண்ணாடி மேல் விரலை வைத்து ஒரு தடவை மேலிருந்து கீழே இழுத்தாய். 

“போலாமா?” என்றேன்.

“ம். எடு” என்றாய்.

நாகுடி தாண்டி நம் முதலாளி ஆபீஸ் செக்கிங் ஆள்கள் இரண்டு பேர் கை காட்டி ஏறினார்கள். கட்டுமாவடிக்குப் போகிற அத்தனை பேர் கையிலும் நாகுடி வரைக்கும்தான் டிக்கெட் இருந்தது. காசு முழுசாக வாங்கியிருந்தாய், ஸ்டேஜ் மட்டும் மாறவே இல்லை. முதல் டிக்கெட்டில் எந்த ஊர் இருந்ததோ அதுவேதான் கடைசி டிக்கெட்டிலும். அவர்கள் உன்னைப் பார்த்த பார்வை எனக்குக் கண்ணாடியில் தெரிந்தது. திருடனைப் பார்க்கிற பார்வை.

மறுநாள் ஆபீஸில் என்னையும் கூப்பிட்டு நிறுத்தினார்கள். மேனேஜர் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார். “தெரிஞ்சு அடிச்சீங்களா, தெரியாம அடிச்சீங்களா?” நீ வாயைத் திறக்கவில்லை. பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூடக் காசில் கை வைக்காதவன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கு உன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கடைசியில் அவர் ஒரு தாளை நகர்த்தி, “படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க” என்றார். நீ தாளைப் பார்த்தாய், படித்த மாதிரி தலையாட்டினாய், பேனாவை வாங்கிப் போட்டாய். உன் கையெழுத்தில் பாதி தாளில் இருந்தது. மீதி மேஜைக் கண்ணாடி மேல் ஓடியது. நீ அதுகூடத் தெரியாமல் முடித்துவிட்டு, பேனாவை மூடினாய்.

அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் விளங்கியது. பைக், நாகுடி, மூக்குக்குப் பக்கத்தில் மிஷின், பொட்டு, எல்லாம். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

“சார், அவருக்குக் கண்ணு தெரியல சார்.”

திருட்டுப் பட்டம் அங்கேயே போனது. கூடவே வேலையும் போனது. மேனேஜர் எழுந்து வந்து உன் தோளில் கை வைத்து, இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்துவிட்டீர்களே என்றார். வெளியே வந்ததும் நீ என் கையைத் தட்டிவிட்டாய்.

“திருடன்னு சொல்லியிருந்தா, ஒரு மாசம் ஒக்கார வச்சிட்டுத் திரும்ப எடுப்பாய்ங்கய்யா. குருடன்னு சொன்னா எவன்யா எடுப்பான்?”

சொல்லிவிட்டு, ஆபீஸ் சுவரைத் தடவிக்கொண்டே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாய். 

ஒரு மாசம் நீ என்னைப் பார்க்கவில்லை. போனையும் எடுக்கவில்லை. அப்புறம் லீவு நாளில் நானே ஆவுடையார்கோவிலுக்கு வந்தேன். உன் வீட்டுக்காரம்மா காப்பி கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். சர்க்கரை கண்ணுக்கு இறங்கிவிட்டது என்றாய். நேரே பார்த்தால் நடுவில் கறுப்பாக ஒரு மறைப்பு, ஓரத்தில் மட்டும் ஆள் நடமாட்டம் தெரியும் என்றாய். புதுக்கோட்டையில் டாக்டரைப் பார்த்து வைத்தியமும் செய்திருக்கிறாய். அதுவும் எனக்குத் தெரியாது. சமாதானம் பேசத்தான் வந்தேன். கேட்கக் கேட்க எனக்குத்தான் கோபம் ஏறியது.

“ஏன்யா, ஒரு வருசமா ஒன் விசில நம்பித்தானய்யா வண்டியப் பின்னாடி எடுத்தேன்? பின்னாடி ஒரு புள்ள நின்னுருந்தா?”

“நிக்கலையே.”

“ஒனக்கு எப்புடித் தெரியும்?”

“ரிவர்ஸு எடுக்கறப்பல்லாம் எறங்கி, பக்கத்துல யாரயாச்சும் கூப்புட்டு, அண்ணே பின்னாடி ஃப்ரீயான்னு கேட்டுட்டுத்தான்யா விசில் அடிச்சேன். கட்டுமாவடில டீக்கடைக்காரரக் கேளு. ஒரு நாளும் கேக்காம அடிச்சதில்ல.”

கேட்டேன். போய்க் கேட்டேன். “ஆமாங்க, தினமும் கேப்பாரே” என்றார் டீக்கடைக்காரர். ஊரில் எல்லாரையும் கேட்டிருக்கிறாய். முன்னால் உட்கார்ந்திருந்த என்னிடம் மட்டும் சொல்லவில்லை.

கிளம்பும்போது நீயாகவே பொட்டுப் பேச்சை எடுத்தாய். “அந்தப் பொட்டு மட்டும் இருந்துருந்தா இன்னும் ஒரு வருசம் ஓட்டியிருப்பேன்யா. பாழாப்போன வெயிலு, எஞ்சின் சூடு, எல்லாம் உதிந்துருச்சு.”

நான் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. ஆபீஸில் அவ்வளவு வேகமாகத் திறந்த வாய் அன்றைக்குத் திறக்கவில்லை.

அதற்கப்புறம் இரண்டரை வருஷம் இருந்தாய். உன் மகன் வாங்கிக் கொடுத்த கண்ணாடிப் போனை ஒரே வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழைய பட்டன் போனைத் தேடி எடுத்துக்கொண்டாய். அஞ்சாம் நம்பர் பட்டன் மேல் சின்னதாக ஒரு புடைப்பு இருக்கும் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். “எவனோ ஒரு நல்லவன் யோசிச்சு வச்சிருக்கான்யா. அஞ்சப் புடிச்சிட்டா மத்ததெல்லாம் தானா வந்துரும்” என்பாய். அதைப் பிடித்துத்தான் தினமும் சாயங்காலம் எனக்கு அடித்தாய். புதுக் கண்டக்டர் எப்படி, நாகுடிப் பாலம் வேலை முடிந்ததா, அந்த வண்டிக்காரன் இன்னும் ஹாரன் அடிக்கிறானா. ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் போனை எடுப்பேன். நீ பேசிக்கொண்டே இருப்பாய். பிறகு சர்க்கரை கிட்னிக்குப் போனது. ஒரு மழை நாளில் உன் நம்பரிலிருந்து உன் மகன் பேசினான்.

காரியம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, உன் வீட்டுக்காரம்மா கொல்லையில் அண்டாக்களை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

“தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். அந்தப் பொட்டெல்லாம் வெயிலுக்கு உதிரல. நான்தான் சொரண்டிப் போட்டேன்.”

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “தெரியும்ண்ணே” என்றார்.

“எப்புடி?”

“அவருக்கே தெரியும்ண்ணே. அன்னைக்கு வந்தவொடனே சொன்னாரு. தானா உதிந்திருந்தா பசை இருக்கும், தொடச்சுல்ல வச்சிருக்கான், மிஷினு பூரா வண்டித் துணி வாடைன்னாரு.”

“எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலயே, தங்கச்சி.”

“நானும் சொன்னேன், போயி நறுக்குன்னு கேளுங்கன்னு. வேணாம், கேட்டா அந்த உறுத்தல்ல அவனால அப்பறம் வண்டி ஓட்ட முடியாதுன்னுட்டாரு. அதுக்குத்தான் உதிந்துருச்சுன்னு உங்ககிட்ட அவராவே சொன்னது.”

அதைக் கேட்டதிலிருந்து உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பிரேக்கை ஒரு தடவை அழுத்தி மிதித்தால் என் பரம்பரையையே இழுத்துத் திட்டுகிறவன் நீ. டீ ஆறிவிட்டால் திட்டுவாய், சட்டைப் பட்டன் மாற்றிப் போட்டிருந்தால் திட்டுவாய், கண் தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னதற்கும் ஒரு மாசம் பேசாமல் இருந்தாய். திட்ட வேண்டிய ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் வெயில் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கிடந்திருக்கிறாய். தினமும் சாயங்காலம் போன் போட்டு, பாலத்தைப் பற்றியும் ஹாரனைப் பற்றியும் பேசியிருக்கிறாய். நான் மறைக்கிறேன் என்று தெரிந்தே பேசியிருக்கிறாய். உன்னிடம் நான் அப்படி என்ன கேட்டேன், என்னைக் காப்பாற்று என்றா கேட்டேன்?

நீ வேலையை விட்டு வீட்டுக்குப் போன பிறகும் இரண்டு வருஷம் அதே ரோட்டில் ஓட்டினேன். ஒரு ஆளுக்கும் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டிவிட்டு இறங்கினேன். நல்ல டிரைவர் என்று மாலை போட்டு அனுப்பினார்கள். மாலை போட்டவர்களுக்குத் தெரியாது, அந்த இரண்டு வருஷ டிரிப்பும் நீ வாயை மூடிக்கொண்டதால் ஓடியவை என்று. எனக்குத் தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய? உனக்கு நன்றி சொல்லலாம் என்று உட்கார்ந்தால் எரிச்சல்தான் முந்திக்கொண்டு வருகிறது.

ஆனாலும் நீ கேட்டிருக்கணும்ய்யா. எனக்கு வண்டி ஓட்ட முடியாமல் போயிருந்தாலும் பரவாயில்லை. ஒரே ஒரு தடவை, ஏன்யா சொரண்டுனன்னு நீ கேட்டிருக்கணும்.